எர்னி ஷேவர்ஸ்: வலிமை மட்டும் போதுமா?



பட்டம் வென்றவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பட்டத்தின் வாசல்வரை சென்று திரும்பியவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. குத்துச்சண்டை உலகில் அவ்வாறு திரும்பியவர்களுள் அமெரிக்காவின் எர்னி ஷேவர்ஸ் தனித்து நிற்பவர். அதிக எடைப் பிரிவில் இவரைவிட வன்மையாக அடித்தவர் எவருமில்லை என்று அவரிடம் அடிவாங்கிய பெருவீரர்களே சான்று பகர்ந்துள்ளனர். ஆயினும் உலக வாகையர் பட்டம் ஒரு நாளும் அவர் இடுப்பை அலங்கரிக்கவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், தம் 78ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், அவர் மறைந்தார்.

அவருடைய வாழ்வை எப்படி மதிப்பிடுவது? "பட்டம் பெறவில்லை, ஆகவே தோற்றவர்" என்பது ஒரு தீர்ப்பு. "முடிசூடா மன்னர், காலம் அவரை வஞ்சித்துவிட்டது" என்பது மற்றொரு தீர்ப்பு. இவ்விரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக முன்வைக்கிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியுள்ள இடத்தில் குத்துச்சண்டையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். ஒரு மனிதரிடம் இயல்பாகவே அமைந்த பேராற்றல் அவரை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும், எந்த இடத்தில் கைவிடும் என்பது நமக்கு அன்றாடக் கேள்விதானே!

கையில் அமைந்த வரம்

ஷேவர்ஸ் 1944 ஆகஸ்டு 31ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் கார்லண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் வடக்கே ஓஹாயோ மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. எஃகு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற யங்ஸ்டவுன் வட்டாரத்தில் வளர்ந்தார். பெரும்பாலான குத்துச்சண்டை வீரர்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பயிற்சிக்கூடத்தின் படியேறிவிடுவர். ஷேவர்ஸ் கையுறை அணிந்ததோ இருபது வயதைக் கடந்த பின்னர். ஆயினும் 1969இல் அமெரிக்கத் தேசிய அமெச்சூர் பட்டத்தை வென்று, அதே ஆண்டிலேயே தொழில்முறை வீரரானார்.

உயரம் ஆறடி, எடை ஏறத்தாழ 95 கிலோ. அப்பிரிவில் இது பேருருவம் அன்று. ஆனால் அவர் வலக்கை வீசும்போது பாதத்தில் தொடங்கிய விசை இடுப்பு வழியே சுழன்று தோளில் திரண்டு முட்டியில் வந்து முடியும். பரவலாகக் குறிக்கப்படும் கணக்கின்படி அவருக்கு 74 வெற்றிகள், 14 தோல்விகள், ஒரு சமநிலை. அந்த 74 வெற்றிகளில் 68 எதிராளியை வீழ்த்தியோ ஆட்டத்தை நிறுத்தச் செய்தோ பெற்றவை. அதாவது, நூற்றுக்கு 90க்கும் மேல். 2003ஆம் ஆண்டு 'தி ரிங்' எனும் குத்துச்சண்டை இதழ் எக்காலத்துக்கும் உரிய 100 வன்கையர்களின் பட்டியலை வெளியிட்டபோது அவருக்குப் பத்தாம் இடம் தந்தது. எல்லா எடைப் பிரிவினரையும் உள்ளடக்கிய பட்டியல் அது.

எண்களைவிடச் சான்றுரைகள் வலியவை. முகமது அலி தமக்கே உரிய நகைச்சுவையுடன், ஷேவர்ஸ் தம்மை அடித்த அடி ஆப்பிரிக்காவிலுள்ள தம் உறவினர்களையே உலுக்கிவிட்டது என்றார். லாரி ஹோம்ஸ் ஷேவர்ஸுடனும் மோதியவர். பிற்காலத்தில் மைக் டைசனிடம் வீழ்ந்தவர். தாம் வாங்கியவற்றுள் ஷேவர்ஸின் அடியே மிகக் கடியது என்று அவர் சொல்லி வந்தார். 'ராக்கி 3' திரைப்படத்தின் எதிராளி வேடத்திற்கு ஷேவர்ஸைச் சோதித்துப் பார்த்த சில்வெஸ்டர் ஸ்டாலோன், தயங்காமல் உண்மையாகவே குத்துமாறு கேட்டு, விலாவில் ஒரு குத்து வாங்கிய பின்னர் அந்த எண்ணத்தையே கைவிட்டாராம்.

வரமே திரையானது

இங்கிருந்துதான் என் கருத்து பிற இரசிகர்களின் கருத்திலிருந்து விலகுகிறது.

ஷேவர்ஸின் முதல் நான்கு ஆண்டுகளைப் பாருங்கள். வெற்றிமேல் வெற்றி, அவற்றுள் பெரும்பாலானவை ஓரிரு சுற்றுகளில் முடிந்தவை. காண்போருக்கு அது கொண்டாட்டம். கற்போனுக்கு அது பேரிழப்பு. இரண்டாம் சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிட்டால், எட்டாம் சுற்றில் மூச்சை எப்படிக் காப்பது என்பதை எங்கே கற்பது? முதல் அடியிலேயே எதிராளி சாய்ந்துவிட்டால், இடக்கையால் தூரத்தை அளப்பதற்கும் தலையை விலக்குவதற்கும் தேவை எங்கே எழும்? முறையான பயிற்சியைத் தாமதமாகத் தொடங்கிய ஒருவருக்குப் பிறரைவிட அதிகமான பாடவேளைகள் தேவைப்பட்டன. அவருடைய வலக்கையோ ஒவ்வொரு பாடத்தையும் மணியடிக்குமுன்பே முடித்து வைத்துவிட்டது.

எச்சரிக்கைகள் வாராமல் இல்லை. 1970ஆம் ஆண்டு ரான் ஸ்டாண்டர் என்பவர், ஷேவர்ஸின் தாக்குதலைத் தாங்கி நின்று, ஐந்தாம் சுற்றில் அவரைச் சாய்த்தார். 1973 ஜூன் மாதம், முன்னாள் உலக வாகையர் ஜிம்மி எல்லிஸை ஷேவர்ஸ் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். உலகம் வியந்தது. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே முதலில் அடிபட்டுத் தடுமாறியவர் ஷேவர்ஸ் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்ரி குவாரி கவனித்தார். ஷேவர்ஸை முதல் சுற்றிலேயே முடித்தார். 1975இல் டென்வர் நகரில் ரான் லைலை இரண்டாம் சுற்றில் கீழே தள்ளினார் ஷேவர்ஸ். லைல் எழுந்தார், பொறுத்தார், ஆறாம் சுற்றில் ஷேவர்ஸைக் கிடத்தினார்.

இந்தத் தோல்விகளுக்கிடையே ஓர் ஒற்றுமை உண்டு. எதிராளி முதல் புயலைத் தாண்டிவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஷேவர்ஸிடம் விடை குறைவாகவே இருந்தது.

நம் வகுப்பறைகளிலும் இத்தகைய பிள்ளைகளைக் காண்கிறோம். ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் நினைவாற்றல் வாய்த்த பிள்ளை, மூன்றாம் ஆண்டுவரை நூலைப் புரட்டாமலேயே முதல் நிலையில் நிற்கும். நாமும் மகிழ்ந்து பாராட்டுகிறோம். இடைநிலைப்பள்ளியில், நினைவாற்றலால் மட்டும் அவிழ்க்க முடியாத முதல் கணக்கு எதிர்ப்படும்போது அப்பிள்ளை திகைத்து நிற்கிறது. அதற்கு அறிவு குறைந்துவிடவில்லை. திணறித் திணறிக் கற்கும் பழக்கம் அதற்கு ஏற்படவே இல்லை, அவ்வளவுதான்.

நியூயார்க்கில் ஓர் இரவு

அலி என்ற பெயர் மலேசியர்களுக்கு அயலன்று. 1975 ஜூலை 1ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை 15 சுற்றுகளில் அவர் வென்றதை மூத்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்னர் மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் நடந்த கொடிய போர் அலியின் உடலை வெகுவாகத் தேய்த்துவிட்டது. 1977 செப்டம்பர் 29ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஷேவர்ஸின் எதிரே நின்றவர் அந்தத் தேய்ந்த அலி. அலிக்கு வயது 35, ஷேவர்ஸுக்கு 33. மழித்த தலையைப் பார்த்து, ஓக் மரத்தின் வழவழப்பான கொட்டையின் பெயரை ஷேவர்ஸுக்குப் பட்டப்பெயராகச் சூட்டி அலி கேலி செய்திருந்தார்.

இரண்டாம் சுற்றில் ஷேவர்ஸின் வலக்கை அலியின் தலையில் இறங்கியது. அலியின் கால்கள் தளர்ந்தன. உடனே அலி ஒரு நாடகம் ஆடினார். கண்களை அகல விரித்து, தள்ளாடுவதுபோல் மிகையாக நடித்து, "வா, வா" என்று கையசைத்தார். உண்மையிலேயே நிலைகுலைந்த ஒருவர், நிலைகுலைந்தவர்போல் நடித்துத் தம்மைக் காத்துக்கொண்டார்! தம்மை அருகே இழுத்துச் சிக்கவைக்கும் தந்திரமோ என்று ஷேவர்ஸ் ஐயுற்றார், தயங்கினார். பிந்தைய சுற்றுகளுக்கு மூச்சைச் சேமிக்க வேண்டும் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அந்தச் சில நொடிகள் கடந்தன. அலியின் கால்கள் மீண்டன.

திருக்குறளில் 'வலியறிதல்' எனும் அதிகாரத்தை அடுத்தே 'காலமறிதல்' எனும் அதிகாரம் அமைந்துள்ளது. தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோடச் சொன்ன கையோடு காலத்தையும் அறியச் சொல்கிறார் வள்ளுவர். அந்த இரண்டாம் சுற்றில் ஷேவர்ஸிடம் வலி இருந்தது. காலத்தை அறியும் கண் இல்லை.

அன்றைய ஆட்டத்தில் மற்றொரு நுட்பமும் நடந்தது. ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நடுவர்கள் வழங்கிய புள்ளிகளை அறிவித்தது. அலியின் பயிற்றுநர் ஆஞ்சலோ டண்டி, உடைமாற்றும் அறையில் தொலைக்காட்சியின்முன் ஒருவரை அமர்த்தி, அந்த விவரத்தைப் பெற்றுக்கொண்டே இருந்தார். தாம் முன்னிலையில் இருப்பது அலிக்குத் தெரியும். எப்போது ஓய்வெடுக்கலாம், எப்போது போராட வேண்டும் என்பதும் தெரியும். பதினான்காம் சுற்றின் முடிவில் அலி களைத்துத் துவண்டிருந்தார். ஆயினும் இறுதிச் சுற்றில் எங்கிருந்தோ ஆற்றலைத் திரட்டி, ஷேவர்ஸையே தள்ளாட வைத்தார். நடுவர்கள் மூவரும் ஒருமனதாக அலிக்கே வெற்றி அளித்தனர். அம்மூவருள் ஒருவரான ஈவா ஷெயின், அதிக எடைப் பிரிவின் உலகப் பட்டப் போட்டியில் புள்ளியிட்ட முதல் பெண்மணி ஆவார்.

ஷேவர்ஸுக்குச் சேரவேண்டிய நியாயமான பாராட்டு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். "சில சுற்றுகளுக்குமேல் தாங்கமாட்டார்" என்று கேலி பேசப்பட்டவர், அன்று 15 சுற்றுகளும் நின்று அடித்தார். 1976இல் ராய் வில்லியம்ஸுடன் மோதியபோது, தாம் வீழும் நிலைக்கு வந்தும் பத்தாம் சுற்றில் மீண்டெழுந்து வென்றிருந்தார். ஆகவே அவர் கற்காதவர் அல்லர். கற்றார், முப்பது வயதைத் தாண்டிய பின்னர், கற்றதைப் பயன்படுத்த ஆண்டுகள் அதிகம் எஞ்சாத நிலையில் கற்றார்.

எழுந்து நின்ற ஹோம்ஸ்

1978 மார்ச்சில் லாஸ் வேகாஸ் நகரில் லாரி ஹோம்ஸ் 12 சுற்றுகளிலும் தம் நீண்ட இடக்கையால் ஷேவர்ஸைத் தூரத்திலேயே நிறுத்திவைத்தார். ஏறக்குறைய எல்லாச் சுற்றுகளையும் வென்றார். அவ்வெற்றியே ஹோம்ஸுக்குப் பட்டப் போட்டிக்கான வாய்ப்பைப் பெற்றுத் தந்தது. ஷேவர்ஸின் கதை முடிந்தது என்றனர் பலர். ஓராண்டு கழித்து, 1979 மார்ச் 23ஆம் நாள், கென் நார்ட்டனை அவர் சந்தித்தார். 1973இல் அலியின் தாடையை உடைத்து வென்ற அதே நார்ட்டன். இரண்டு நிமிடங்கள் முடியுமுன்பே நார்ட்டன் வீழ்ந்தார்.

அதன் பயனாகக் கிடைத்ததுதான் 1979 செப்டம்பர் 28ஆம் நாள் நடந்த இரண்டாவது பட்டப் போட்டி. எதிரே, உலக வாகையராகிவிட்ட அதே ஹோம்ஸ். ஆறு சுற்றுகள் ஹோம்ஸின் கையே ஓங்கியிருந்தது. ஏழாம் சுற்றில் ஷேவர்ஸின் வலக்கை மின்னலெனப் பாய்ந்தது. ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார். அரங்கமே எழுந்து நின்றது. பத்து எண்ணும்வரை அவர் படுத்திருந்தால் ஷேவர்ஸ் உலக வாகையர், இக்கட்டுரைக்கும் தேவையில்லை.

ஹோம்ஸ் எழுந்தார். எழுந்ததோடு நில்லாமல், தப்பிப்பதற்கு என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையையும் கையாண்டார். பிடித்துக்கொண்டார், விலகினார், சுற்றி நடந்தார். மயங்கிய மூளை மறந்தாலும் பழகிய உடல் மறக்காத அளவுக்கு அவர் பயின்றிருந்தார். பதினோராம் சுற்றில், களைத்துப்போன ஷேவர்ஸால் தம்மைக் காக்க இயலாத நிலையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். உலகின் மிகக் கடிய அடியைப் பல்லாண்டுப் பயிற்சி தாங்கி வென்ற காட்சி அது. "அதிர்ஷ்டம் அவரை ஏமாற்றிவிட்டது" என்போருக்கு என் மறுமொழி இதுதான்: இரண்டு முறை பட்டத்திற்கும் அவருக்கும் இடையே நின்றவை அலியின் சமயோசிதமும் ஹோம்ஸின் பயிற்சியும். அவற்றை அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்குள் அடைப்பது அவ்விருவருக்கும் அநீதி. ஷேவர்ஸின் கதையிலிருந்து கற்க வேண்டியதையும் அது மறைத்துவிடும்.

அடியின் விலை

வன்மையான அடியைப் புகழும்போது, அதை வாங்கியவரை நாம் மறந்துவிடுகிறோம். மதிப்பீடு முழுமை பெற வேண்டுமானால் அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

1977 ஆட்டத்திற்குப் பின்னர் அரங்கின் போட்டி அமைப்பாளர் டெடி பிரென்னர், அலி மீண்டும் அங்கே மோதுவதற்குத் தாம் வாய்ப்பளிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ, அலியின் சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவதைக் காட்டும் ஆய்வக அறிக்கையை அவருக்கும் அவரைச் சூழ்ந்தோருக்கும் அனுப்பினார். மறுமொழி வரவில்லை, பச்சேக்கோ விலகிக்கொண்டார். அலியோ அதன்பிறகும் நான்கு முறை மேடையேறினார், மூன்றில் தோற்றார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதிப்பட்டது. ஷேவர்ஸை முதல் சுற்றில் வென்ற குவாரி, தலையில் வாங்கிய அடிகளால் மூளை சிதைந்து, 1999இல் 53 வயதில் மறைந்தார். எல்லிஸும் நினைவிழப்பு நோயுற்று 2014இல் காலமானார். இவற்றுக்கு ஷேவர்ஸின் கை ஒன்றே காரணம் என்று எவரும் கூற இயலாது, கூறவும் கூடாது. பல்லாண்டுகள், பற்பல கைகள். ஆயினும் அக்கைகளுள் மிகக் கனமானது அவருடையது.

அவரும் தப்பவில்லை. இரண்டாம் ஹோம்ஸ் ஆட்டத்திற்குப் பின்னர் விழித்திரையில் பாதிப்பு கண்டறியப்பட்டது. அதற்குப் பின்னும் மோதினார், தோல்விகளும் கண்டார். 1983இல் கண் பாதிப்பால் விலகினார். 1987இல் ஒருமுறை திரும்பி வந்தார். 1995இல், 50 வயதைக் கடந்து மீண்டும் வந்து, இரண்டாம் சுற்றில் வீழ்த்தப்பட்ட பின்னரே முற்றாக ஓய்ந்தார். ஐம்பது வயதில் ஒரு மனிதரை மேடையேற்றிப் பார்த்த விளையாட்டுத்துறை, அவரைப் பற்றிப் பெருமை பேசுமுன் சற்று நாண வேண்டும்.

மேடைக்கு வெளியே அவர் வேறொரு மனிதர். கிறித்துவச் சமயப் போதகராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரு விடுதியின் பாதுகாப்புப் பணியையும் மேற்கொண்டார். பட்டம் கிடைக்காத கசப்பை அவர் யார்மீதும் கொட்டவில்லை. தம்மை வென்ற அலியையும் ஹோம்ஸையும் நட்புடனேயே நினைவுகூர்ந்தார்.

என் மதிப்பீடு

ஷேவர்ஸ் மாபெரும் வாகையர்களுள் ஒருவர் அல்லர். அவ்வரிசையில் அவரை வலிந்து நிறுத்த வேண்டிய தேவையுமில்லை. ஆனால் எழுபதுகளின் அந்தப் பொற்காலத்தில் ஒவ்வொரு வாகையரும் கடந்தாக வேண்டிய தேர்வாக அவர் இருந்தார். அவரைக் கடந்ததால்தான் அலியின் நெஞ்சுரமும் ஹோம்ஸின் பயிற்சியும் உலகுக்கு முழுமையாகத் தெரிந்தன. தேர்வுத்தாள் கடினமாக இருந்தால்தானே தேர்ச்சிக்குப் பொருளுண்டு? இது சிறிய பெருமை அன்று. அவர் விட்டுச் சென்ற பாடமும் சிறியதன்று. தொடக்கக் காலத்திலேயே அவருடைய வலக்கையைப் பாராட்டிக் கொண்டிருந்தவர்களுள் ஒருவரேனும் பொறுமையாக அமர்ந்து, "தம்பி, இன்று வலக்கையைப் பயன்படுத்தாமல் ஆறு சுற்று ஆடிக்காட்டு" என்று கேட்டிருந்தால், 1979இன் ஏழாம் சுற்று வேறுவிதமாக முடிந்திருக்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு எளிதாக வரும் ஒன்றைப் பாராட்டுங்கள், தவறில்லை. அதே வாரத்தில், அப்பிள்ளைக்கு எளிதாக வராத ஒன்றையும் கையில் கொடுங்கள். திணறட்டும், அருகில் அமர்ந்திருங்கள். ஆசிரியத் தோழர்களே, முதலில் கைதூக்கும் மாணவனுக்கு, அவனால் உடனே விடைகூற முடியாத வினா ஒன்றையும் நாள்தோறும் எடுத்துச் செல்லுங்கள். பதினைந்து வயதில் அவன் திகைத்து நிற்பதைவிட, ஒன்பது வயதில் நம் கண்ணெதிரே சற்றுத் திணறுவது நன்று.

உங்கள் வகுப்பிலும் இல்லத்திலும் இவ்வாறு வரம் வாய்த்த பிள்ளைகளை எப்படி வழிநடத்துகிறீர்கள்? எழுதுங்கள், கலந்து சிந்திப்போம்.